வள்ளிக்கு, பழ ஈ விஷயமாக

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

இங்கே எல்லோரும் நலம். படைப்புக்கு நீ வராததை ஆச்சி இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வந்து சமாதானம் செய்துவிட்டுப் போ. ஊர்ச் சேதி கேட்டு எழுதினால் மாணவனின் ஆய்வுத் திட்டத்தை அனுப்புகிறாயே, நீ மாறவே மாட்டாய்.

ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. மின் சிகரெட்டிலிருந்து வரும் நிக்கோட்டின் கலந்த வேப்பிங் ஆவிக்கு ஒரு கூட்டம், வெறும் காற்றுக்கு ஒரு கூட்டம் என்று வைத்து, செத்த ஈக்களை எண்ணப் போகிறானாம். வேண்டாம் வள்ளி. நிக்கோட்டின், பூச்சிகளிடமிருந்து தப்பிக்கப் புகையிலைச் செடி தானே தயாரிக்கும் நஞ்சு. தோட்டத்தில் புகையிலைக் கஷாயம் தெளிப்பது எதற்காக? ஈயின் மூளையில் நரம்புகள் செய்தி கடத்துவது பெரும்பாலும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால். நிக்கோட்டின் போய் உட்காருவதும் அதன் ஏற்பிகளில்தான். ஈ சாகத்தான் செய்யும். அதை வைத்து மனிதனைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. மின் சிகரெட் திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கம்பிச் சூட்டில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் எல்லாம் உண்டாகின்றன. 'நிக்கோட்டின் இல்லாதது, ஒன்றும் செய்யாது' என்று பிள்ளைகள் இழுப்பது இதைத்தான். எனக்குப் பயமே அங்கேதான். அதனால் மூன்றாவது கூட்டம் கட்டாயம்: நிக்கோட்டின் இல்லாத ஆவி. காற்றுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஆய்வின் உயிர். சாவை மட்டும் எண்ணாமல் ஆயுள், முட்டை எண்ணிக்கை, குப்பியில் ஏறும் வேகம் மூன்றையும் பார்க்கட்டும். ஈக்கு நுரையீரல் கிடையாது, மூச்சுத்துளைகளும் மூச்சுக்குழல்களும்தான். 'நுரையீரல் பாதிப்பு' என்ற தலைப்பை அடித்துவிடு.

ஆவியை நேராகக் குப்பிக்குள் விட்டால் சுவரில் பிசுபிசுப்பாகப் படியும். இறகு ஒட்டிச் சாகிற ஈயை நஞ்சுக் கணக்கில் எழுதிவிடுவான். முதலில் ஒரு பெரிய குடுவையில் விட்டு, கனத்த துளிகள் இறங்கிய பிறகு ஈக்களுக்கு அனுப்பட்டும். உணவு இருக்கும் குப்பியில் கூடாது; மூச்சில் போனதா, வயிற்றில் போனதா என்று பிரிக்கவே முடியாது. காற்றுக் கூட்டத்தையும் அதே நேரம் வெறுங்குப்பியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பசியும் கணக்கில் கலந்துவிடும். இழுப்புக்கு, இயந்திரத்தால் ஆவி இழுப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 20768 அளவு போதும்: 55 மி.லி., 3 வினாடி, 30 வினாடிக்கு ஒருமுறை. ஆணையும் பெண்ணையும் பிரிக்கக் கார்பன் டை ஆக்சைடு கொடுத்தால், ஏறும் சோதனைக்கு ஒரு நாள் பொறுக்கட்டும். மயக்கம் தெளிந்தாலும் நடை உடனே சீராகாது.

உணவுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம். கொஞ்சம் ஆறிய பிறகு புரொப்பியானிக் அமிலம் 7.5 மி.லி.; கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிவிடும், பூஞ்சை பிடிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே வைக்காதே. 30 டிகிரி தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகும். குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டரில் 25 டிகிரி. பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். குப்பிகள் இருக்கும் தட்டைத் தண்ணீரில் நிறுத்து, இல்லையென்றால் எறும்பு வரும்.

ஒன்று முக்கியம். 2019 தடைச் சட்டப்படி மின் சிகரெட்டை விற்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் குற்றம். பையன் எங்கிருந்தாவது வாங்கி வருகிறேன் என்றால் விடாதே. கல்லூரி வழியாக எழுத்தில் அனுமதி கேள். பதில் வரும்வரை ஈ வளர்த்து, ஏறும் சோதனையைப் பழகட்டும். திருத்திய திட்டத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உமையாள்