எண்பது நொடிக் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

சரி, உன் பைதான் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். ஒன்று காத்திருக்கும்போதே இன்னொன்று ஓடட்டும் என்று எல்லா ஃபங்ஷனுக்கும் அசின்க் போட்டும் வேகம் ஏறவில்லை என்கிறாய். போன மாதம் எனக்கும் இதேதான். 40 இணைய முகவரிகளிலிருந்து தகவல் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் 2 நொடி. கேதர் போட்டு ஒன்றாக ஓட்டியும் 80 நொடி ஆனது. அந்தக் கணக்கிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்குகிறது.

நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரே ஆள் மூன்று கல்லில் தோசை வார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் மாவை ஊற்றிவிட்டு, அது வேகும் நேரத்தில் அடுத்த கல்லுக்குப் போவார். அசின்க் வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப் அந்த ஒரே ஆள்தான். அவெய்ட் போட்டுக் காத்திருக்கும் இடத்தில்தான் அவர் நகர முடியும். இணையத்திலிருந்து தகவல் எடுக்க நான் வைத்திருந்த ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியோ பதில் வரும்வரை அவரை ஒரே கல்லில் நிறுத்திவிடுகிறது. சில நொடி சும்மா காத்திருக்கச் சொல்லும் டைம்.ஸ்லீப்பும் அப்படித்தான், அங்கே அசின்க்ஐஓ.ஸ்லீப்புக்கு அவெய்ட் போடு.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, லூப்பைத் தொடங்கும் அசின்க்ஐஓ.ரன் அழைக்கும்போது, பிழை தேட உதவும் டீபக்கை ட்ரூ என்று கொடு. 100 மில்லி நொடிக்கு மேல் லூப்பைப் பிடித்துவைக்கும் ஒவ்வொன்றையும், எத்தனை நொடி என்பதோடு எழுதிக் காட்டும். எனக்கு 40 எச்சரிக்கைகள் வந்தன. லைப்ரரியை மாற்ற நேரமில்லாததால் அந்த அழைப்பை அப்படியே, லூப்பை நிறுத்தாமல் பக்கத்தில் தனி த்ரெட்டில் (இழையில்) ஓட்டும் டு_த்ரெட்டிடம் கொடுத்தேன், பைதான் 3.9 முதல் இது உண்டு. கணினி ப்ராசஸரின் கோர் எண்ணிக்கையோடு நான்கைக் கூட்டி, 32-க்கு மிகாமல் த்ரெட் வைத்துக்கொள்ளும். என் கணினியில் 8 கோர், ஆக 12 த்ரெட். நான்கு சுற்றில் வேலை முடிந்தது, எட்டே நொடி!

அப்புறம், சில வேலைகள் பாதியில் காணாமல் போகின்றன என்றாயே, எனக்கு அதுதான் அதிகக் கவலை. ஒரு வேலையைப் பின்னணியில் ஓடவிடும் கிரியேட்_டாஸ்க் தரும் டாஸ்க்கை நீ எங்கும் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். லூப் அதை இறுக்கிப் பிடிப்பதில்லை. வேறு யாரும் பிடிக்காவிட்டால் குப்பை என்று எண்ணிப் பைதான் நடுவிலேயே அள்ளிவிடலாம். ஒரு செட்டில் போட்டு வை. பைதான் 3.11 அல்லது அதற்கு மேல் இருந்தால், டாஸ்க்குகளை ஒரு குழுவாகப் பிடித்துவைக்கும் டாஸ்க்குரூப்பே பார்த்துக்கொள்ளும்.

டீபக்கோடு ஒருமுறை ஓட்டி, வரும் எச்சரிக்கைகளை அப்படியே அனுப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், மீதியை உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ரவி