அந்தக் கையெழுத்து

அன்புள்ள மாமா,

போன ஞாயிறு சிங்கப்பூரில் நம் தெம்பனிஸ் வீட்டில் சாப்பிட்டு எழும்போது சொன்னீர்கள்: "கருவைக் கலைக்கப் புருஷன் கையெழுத்தும் வேணும்னு சட்டம் வரணும். பிள்ளை அவனோடதும்தானே?" மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் கருக்கலைப்புக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூத்தவள் பிறந்து பத்து மாதம். பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வு விடவே இல்லை, மாத்திரையில்தான் நாள் ஓடியது. ஆலோசகர் என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இது உங்க முடிவா? யாராவது வற்புறுத்துறாங்களா?" என்று கேட்டார். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் பிள்ளை வேண்டும் என்று ஏங்கியபடியே, மாமியார் சொல்லுக்குப் பயந்து வந்தவளிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவள் கையெழுத்து இல்லாமல் மருத்துவர் தொடக்கூடாது.

புருஷன் கையெழுத்தையும் சேர்த்தால், அடிக்கிறவனிடமும் விட்டுப்போனவனிடமும் அவள் போய் நிற்க வேண்டும். இதை யோசித்தீர்களா மாமா?

கரு ஓர் உயிர் என்று நீங்கள் நினைப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் வலித்தது. 1969இல் கருக்கலைப்புச் சட்டம் நம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கட்சி சொன்னபடி வாக்களிக்கச் சொல்லும் கொறடா உத்தரவைத் தளர்த்தி, மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டார்கள். மனம் ஒப்பாத மருத்துவர், உயிர் காக்கும் அவசரம் தவிர, இன்றும் விலகிக்கொள்ளலாம். மக்கள்தொகையைக் குறைக்கும் எண்ணமும் அன்று அரசுக்கு இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் 1974இல் 24 வாரம் வரை முடிவு பெண்ணுடையது என்று ஆனது பெரிய விஷயம்.

ஆலோசனைக்குப் பிறகு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் என் கணவரோடு பேசிக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பிள்ளை வேண்டும் என்றுதான் இருந்தது. அழுதார். அப்புறம், "நாளைக்கு லீவு போட்டுட்டேன், கூட வரேன்" என்றார்.

அந்த இரண்டு நாளுக்கு நடுவில்தான் தீபாவளி. உங்கள் வீட்டுக்கு வந்தோம். அத்தை கொடுத்த அதிரசத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். "என்னம்மா, முகமே சரியில்லையே?" என்று கேட்டீர்கள். தலைவலி என்றேன்.

தலைவலி இல்லை, மாமா.

உங்கள் மருமகள்