எந்தக் குளவி என்று முதலில் பாரும்

திருகோணமலை

அன்பின் நண்பருக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பின்னேரத்தில் உப்புவெளிக் கரையில் நின்றால் மணல் முகத்தில் அடிக்கிறது. நிலாவெளி வீட்டை ஆடிக்குள் திறக்க வருவதாக எழுதியிருந்தீர், சந்தோஷம். ஆனால் "வீடு முழுக்கக் குளவியாம், என்ன செய்யலாம்?" என்று ஒரு வரியில் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? நம் சனம் குளவி என்ற ஒற்றைப் பெயரில் நாலு சீவன்களைக் கூப்பிடுகிறது. ஒன்றின் கூட்டைக் கையால் தட்டிவிடலாம். இன்னொன்றின் கூட்டைத் தட்டினால் ஆஸ்பத்திரிதான்.

வீட்டைப் பார்க்கிற பொடியனைப் பத்தடி தள்ளி நிற்கவைத்துப் போனில் படம் எடுக்கச் சொல்லும். பூச்சியைத் துரத்திப் படம் எடுக்க வேண்டாம், கூடு தெரிந்தால் போதும்.

மண்ணால் செய்த கூடென்றால் பயமில்லை. இடுப்பு நூல் போல இருக்கிற மண்குளவி அது, தனியாக வாழ்கிறது, கூட்டைக் காவல் காப்பதில்லை. ஈரமண்ணை உருட்டி வந்து குழல் குழலாகக் கட்டி, ஒவ்வோர் அறையிலும் கொட்டி மரக்கச் செய்த சிலந்திகளை அடைத்து, ஒரு முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். சிலந்திக்குப் பதில் பச்சைப் புழுவை அடைத்துக் குட்டிப் பானை போலக் கட்டுகிற இனமும் உண்டு. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் பெரியவர்கள் உவமை சொன்னது இதைப் பார்த்துத்தான். உள்ளே போன புழு தீனி, வெளியே வருவது குளவியின் சொந்தப் பிள்ளை. உவமை பிழைத்தாலும் பார்த்த கண் கூர்மையானது. மண்கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லிச் சிலர் அதை உடைக்க விடமாட்டார்கள். உடைக்காமல் விட்டாலும் நட்டமில்லை. ஒரே தொல்லை, துவாரங்களை அடைப்பது: ஏசியின் தண்ணீர்க் குழாய், காஸ் அடுப்பின் குழல், பூட்டின் ஓட்டை. அற்பமென்று நினையாதேயும். 1996 பெப்ரவரி 6இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேரோடு கடலில் விழுந்த விமானத்தின் வேகம் அளக்கும் குழாயை மண்குளவிக் கூடு அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையில் வந்த சந்தேகம்.

அடுத்தது கடதாசிக் கூடு, மூடியில்லாதது. சின்னக் காம்பில் தொங்கும், அறைகள் வெளியே தெரியும், மேலே பத்து இருபது மெல்லிய குளவிகள் உட்கார்ந்திருக்கும். யன்னல் கம்பி, சீற் கூரையின் மடிப்பு, மீற்றர் பெட்டி, சுருட்டி வைத்த பாய், இவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். காம்பில் எறும்பு ஏறாதபடி தன் வயிற்றுச் சுரப்பைப் பூசி வைத்திருக்கும். ரோபாலிடியா மார்ஜினாட்டா என்கிற இனத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டு ஆராய்ந்தார். அதன் இராணி கூட்டிலேயே சாதுவானது, சண்டை பிடித்து ஆள்வதில்லை. இராணியை எடுத்துவிட்டால் மட்டும் ஒரு வேலைக்காரி திடீரென்று மூர்க்கமாகி, சில நாளில் அடுத்த இராணியாகிறாள். அதுவரை வாரிசு யாரென்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நம் ஊர் அரசியலுக்கும் ஆகலாம்.

இந்தக் கூடு தலைக்கு மேலே, கை படாத இடத்தில் இருந்தால் விட்டுவிடும். தோட்டத்துப் புழுக்களைப் பிடித்துத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது. கதவுப் பிடியிலோ மீற்றர் பெட்டியிலோ என்றால் எடுக்கத்தான் வேண்டும். நன்றாக இருட்டியபின், எல்லாம் அடைந்ததும், ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்து தெளிப்பான் போத்தலில் ஊற்றி, நேர்த்தாரையாக அடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் அதன் உடலில் ஒட்டாமல் உருளும். சோப்பு கலந்தால் மூச்சுத்துளைகளுக்குள் இறங்கிவிடும், நனைந்ததும் பறக்கவும் இயலாது. ரோச் வெளிச்சத்தைக் கையில் பிடிக்க வேண்டாம், அதை நோக்கித்தான் வரும். சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிப் பக்கத்தில் எங்காவது வைத்துவிடும், சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. காலையில் காம்பையும் சுரண்டிவிட வேண்டும். நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிரேயின் நுண்துளி அவ்வளவு தூரம் போவதற்குள் கலைந்துவிடும், கோபம் மட்டும் மிஞ்சும்.

இந்தச் சோப்புத் தண்ணீர் வேலையை மூன்றாவதுக்குச் செய்துவிடாதேயும். அதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மூன்றாவது பெருங்குளவி. கூடு பந்து போலவோ கவிழ்த்த குடம் போலவோ முழுக்க மூடியிருக்கும். மேலே கபிலமும் வெளிர்மஞ்சளுமாகச் சிப்பி சிப்பியாக வரிகள், பக்கத்தில் ஒரே ஒரு வாசல். உள்ளே தட்டுத் தட்டாக அடைகள், தூண்களில் தொங்கும், அறைகளின் வாய் கீழ்நோக்கி இருக்கும். மரப்பட்டையையும் உக்கின பலகையையும் மென்று எச்சிலோடு குழைத்த கடதாசிதான் எல்லாம். வயிற்றின் முதல் இரண்டு வளையங்கள் செம்மஞ்சள், மிச்சம் கறுப்பு என்றால் அது வெஸ்பா அஃபினிஸ். மாமரம், தென்னை, பற்றை, தாவாரம் எதிலும் கட்டும். கறுப்பு உடம்பில் ஒரே ஒரு மஞ்சள் பட்டி என்றால் வெஸ்பா ட்ரோபிகா. அது மரப்பொந்து, நிலத்துப் பொந்து, கூரைக்குள் இருக்கிற இடைவெளி என்று மறைவு தேடும். மேலே சொன்ன மூடாத கூடுகளைக் கொள்ளையடித்துப் பிள்ளைகளைத் தின்பதும் அதுதான்.

தொடக்கத்தில் இராணி ஒருத்தி மட்டும். கூடு தேசிக்காய் அளவு. அந்த நேரத்தில் பகலில் அவள் வெளியே போனதும் நீளத் தடியால் தட்டிவிட்டால் கதை முடிந்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் வேலைக்காரிகள் வெளிவந்துவிட்டால் பிறகு அது உம்முடைய வேலையில்லை. ஆகவே மாதம் ஒருமுறை தாவாரம், தண்ணீர்த் தாங்கியின் அடி, கிணற்றடிப் பற்றை, மதிலோரத்து மரம், இந்த நாலையும் அண்ணாந்து பார்க்க ஆளை வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

பெரிய கூட்டைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் அதிர்வு. புல்லு வெட்டுற மெஷின், சுவரில் துளையிடுகிற டிரில், கிளை வெட்டு, பொடியள் எறிகிற கல். முகத்துக்கு நேரே விடுகிற மூச்சும் சேரும். ஒன்று கொட்டினால் அதன் நஞ்சோடு வருகிற மணம் மற்றவற்றைக் கூப்பிடும், நசுக்கினாலும் அப்படித்தான். குளவியின் கொடுக்கில் தேனீயினுடையது போலப் பெரிய முள் இல்லை, ஆகவே ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

பந்தம் பிடித்துக் கொளுத்துகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைப்போல மடைத்தனம் வேறில்லை. கடதாசி பற்றி எரிந்து விழும்போது மேல் அடையில் இருந்தவை உயிரோடு பறக்கும், ஏணியில் நிற்கிறவர் குதிப்பார், கச்சான் காற்றில் பொறி கிடுகு வேலிக்குத் தாவும். கொட்டுக்குத் தப்பினவர் காலை முறித்துக்கொள்வார். பழகின ஆள் ஒருவரைப் பிடித்து, இரவில், முழு உடுப்போடு செய்விக்க வேண்டும். அதுவரை கூட்டைச் சுற்றிப் பத்து மீற்றருக்குக் கயிறு கட்டி, அந்தப் பக்கம் கூட்டிப்பெருக்குவதைக்கூட நிறுத்திவிடும். எடுத்த பிறகும் வெளியே இரவு தங்கினவை சில நாள் பழைய இடத்தைச் சுற்றும்.

பின்வளவில் கள்ளு முட்டி கட்டுகிறார்களா, கருவாடு காயப்போடுகிறார்களா என்றும் கேட்டுப் பாரும். புளித்த கள்ளு, பழுத்து விழுந்த மாம்பழம், மீன் கழிவு இருக்கிற இடத்துக்குப் பெருங்குளவி தினமும் வரும். ஆனால் அங்கே தீனிக்கு வந்தது சண்டைக்கு நிற்காது, கை வீசாமல் விலகினால் சரி.

நாலாவது குளவியே இல்லை. உயர்ந்த கிளையிலோ பாறையிலோ ஒற்றை அடை, அகலம் ஒரு மீற்றர்கூட இருக்கும், மூடி இல்லை, ஈக்களே போர்வையாகப் போர்த்திருக்கும். அது பெருந்தேனீ. மலையகத்தில் கொழுந்து பறிக்கிறவர்களைக் குளவி கொட்டியதாகப் பத்திரிகையில் வருகிற செய்திகளில் பல இதைப் பற்றியவை. சீகிரியாவில் சனத்தைக் கலைத்ததும் இதுதான். சிங்களத்தில் இதற்குப் பம்பரா, பெருங்குளவிக்குத் தெபரா என்று தனித்தனிப் பெயர் இருப்பதால் அவர்கள் குழம்புவதில்லை. பருவம் மாறினால் தானாகவே இடம்பெயர்ந்துவிடும், பொறுத்திருப்பதே வைத்தியம்.

ஒருவேளை கொட்டிவிட்டால்: சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நேரே ஓடி, கதவுள்ள இடத்துக்குள் புகும். கிணற்றிலோ கடலிலோ குதிப்பது உதவாது, தலை வெளியே வரும்வரை மேலே சுற்றும். தேனீயென்றால் கொடுக்கு தோலில் நிற்கும், உடனே நகத்தால் சுரண்டி எடும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையும். வெங்காயம் பூசினால் பாதகமில்லை, சுண்ணாம்பு தோலை எரிக்கும். உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ, அது ஒரே கொட்டாக இருந்தாலும் 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடியும். பத்துக்கு மேல் கொட்டு என்றால் ஆள் சுகமாகத் தெரிந்தாலும் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும். நஞ்சு தசையைக் கரைத்துச் சிறுநீரகத்தை அடைக்கிறது, ஓரிரு நாள் கழித்துச் சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போன பிறகுதான் வெளியே தெரியும்.

படம் வந்ததும் அனுப்பும், எதுவென்று எழுதுகிறேன். வரும்போது சாவியோடு ஒரு மெல்லிய கம்பியும் கொண்டு வாரும். இவ்வளவு காலம் பூட்டிக் கிடந்த முன்கதவின் ஓட்டை மண்ணால் அடைபட்டிருக்கும்.

உமது நண்பன்