டைன்காசிலைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 2014–15ஆம் பருவத்தின் ஸ்காட்டிஷ் சாம்பியன்ஷிப் பட்டத்தை எடின்பரோ நகரின் கால்பந்துக் கழகமான எங்கள் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன் (சுருக்கமாக ஹார்ட்ஸ்) வென்று, டைன்காசில் மைதானத்தில் கோப்பையைக் கையில் ஏந்திய இந்த மே மாதத்தில், அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி தெரிவிக்க இம்மடலை எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. நேரில் சொல்ல முடிந்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்குக் கழகத்தின் முகவரிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அழியும் நிலைக்கு வந்த ஒரு கழகத்தை அதன் ஆதரவாளர்களே எவ்வாறு மீட்டார்கள், அவர்கள் எத்தகையவர்கள் என்பதை நம்மவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனைத் தமிழில் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் பத்து அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளை நான்கு முறை சந்திக்கும். முதலிடம் பெறும் அணி மட்டுமே நேராக மேற்பிரிவுக்கு ஏறும். வழக்கமாகச் சிறு நகரங்களின் அணிகள் மோதிக்கொள்ளும் இந்தப் பிரிவில், இவ்வாண்டு ஹார்ட்ஸ், எங்கள் நகரத்தின் மற்றொரு கழகமான ஹிபெர்னியன், கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் ஆகிய மூன்று பெருங்கழகங்கள் ஒருசேர வந்து நின்றன. அந்தப் போட்டியில் எங்கள் அணி 36 ஆட்டங்களில் 29 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என்று 91 புள்ளிகளைச் சேர்த்தது. இரண்டாமிடம் பெற்ற ஹிபெர்னியனுக்கு 70 புள்ளிகள், ரேஞ்சர்ஸுக்கு 67 புள்ளிகள். பட்டம் வென்ற அணியைப் பாராட்ட நாளிதழ்கள் உள்ளன. என் நன்றி, பட்டம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத முந்தைய ஆண்டுகளில் இருந்தே தொடங்க வேண்டும்.

2013 ஜூன் மாதத்தில், ஏறத்தாழ 25 மில்லியன் பவுண்டு கடனைத் தீர்க்க வழியில்லாமல், கழகம் நீதிமன்றத்தின் வழியே நியமிக்கப்பட்ட நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. அதற்குத் தண்டனையாக அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே 15 புள்ளிகள் கழிக்கப்பட்டன. புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கவும் தடை விழுந்தது. அலுவலகத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் வேலையை இழந்தார்கள். அவர்களில் சிலர், சம்பளம் நின்ற பிறகும் ஆட்ட நாள்களில் வந்து கைகொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு நெகிழ்ந்திருக்கிறேன். என் முதல் நன்றி அவர்களுக்கு உரியது.

அடுத்த நன்றி, அந்தத் தண்டனைப் பருவத்தில் ஆடிய இளைஞர்களுக்கும் அவர்களை வழிநடத்திய பயிற்சியாளர் கேரி லாக்குக்கும் உரியது. பள்ளி முடித்துச் சில ஆண்டுகளே ஆன பிள்ளைகள் மேற்பிரிவின் அனுபவசாலிகளை வாரந்தோறும் எதிர்கொண்டார்கள். கழிக்கப்பட்ட புள்ளிகளோடு 23 புள்ளிகளில் பருவத்தை முடித்து, கடைசி இடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள் என்றுதான் பதிவேடு சொல்கிறது. ஆனால் மைதானத்தில் அவர்கள் ஈட்டியவை 38 புள்ளிகள். அவ்வாண்டு அவர்களுக்கு மேலே பதினோராம் இடத்தில் முடித்த ஹிபெர்னியன் ஈட்டியதோ 35 புள்ளிகள்தான். ஜேமி வாக்கர், காலம் பேட்டர்சன், சாம் நிக்கல்சன், பில்லி கிங், ஜோர்டன் மெக்கீ ஆகியோர் அந்தத் தோல்விகளுக்கிடையே பெற்ற பயிற்சிதான் இவ்வாண்டு பலன் தந்தது என்று உறுதியாக நம்புகிறேன். அணித்தலைவர் டேனி வில்சன் நினைத்திருந்தால் வேறு வழி தேடியிருக்கலாம், அவர் நின்றார். கோல் காப்பாளர் ஜேமி மெக்டொனால்டு போன்ற சிலருக்கு இந்தப் பட்டத்தில் பங்கேற்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் இப்பருவத்தில் ஃபால்கர்க் அணியின் கோலைக் காத்தார். பதக்கம் அவர் கழுத்தில் இல்லாவிட்டாலும் இந்தப் பட்டத்தில் அவருக்கும் பங்குண்டு.

இப்போது, யாருடைய பெயரும் செய்தியில் வராத அந்தப் பெருந்திரளுக்கு வருகிறேன். ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற அமைப்பு 2010இல் உருவானது. ஆதரவாளர் ஒவ்வொருவரும் மாதம் பத்து பவுண்டு அல்லது தம்மால் இயன்ற தொகையை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்துவது, அந்தப் பணத்தால் கழகத்தைக் காப்பாற்றி நாளடைவில் ஆதரவாளர்களின் உடைமையாக்குவது என்பதே அதன் திட்டம். பணம் கட்டத் தொடங்கியபோது கழகம் பிழைக்குமா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. கட்டியவருக்குத் தனிப்பங்கு கிடையாது, வட்டி கிடையாது, மைதானத்தில் நல்ல இருக்கைகூடக் கிடையாது. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் சேர்ந்தார்கள். பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள் சேர்ந்தார்கள். இறந்துபோன தந்தையின் நினைவாக அவர் பெயரில் கட்டியவர்களும் இருந்தார்கள். கோர்கி சாலையில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரர், கடை வாடகையே சுமையாக இருந்த மாதங்களிலும் அந்தத் தொகையை நிறுத்தவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்துப் பெருவெள்ளமாக்கிய இவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே வணங்குகிறேன்.

அந்தப் பணம் சேரும்வரை காத்திருக்கக் கழகத்துக்கு நேரம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர் ஆன் பட்ஜ் அம்மையார். கணினித் துறையில் சொந்த நிறுவனம் நடத்தி ஓய்வுபெற்றிருந்த அவர், தம் சொந்தப் பணம் இரண்டரை மில்லியன் பவுண்டைக் கொடுத்துக் கழகத்தை மீட்டார். அதனைக் கொடை என்று சொல்லாமல், ஆதரவாளர்கள் திருப்பிச் செலுத்தியதும் கழகத்தை அவர்களிடமே ஒப்படைப்பதாக எழுத்தில் உறுதியளித்தார். கொடையாகக் கொடுத்திருந்தால் நாங்கள் அவருக்குக் கடமைப்பட்டவர்களாக மட்டும் இருந்திருப்போம். கடனாகக் கொடுத்ததால் எங்களை உரிமையாளர்களாக ஆகத் தக்கவர்களாக மதித்தார். இந்த மதிப்பை நான் பணத்தினும் பெரிதாகக் கருதுகிறேன். ஃபவுண்டேஷனை அக்காலத்தில் தலைமையேற்று நடத்திய நாடாளுமன்ற உறுப்பினர் இயன் மர்ரிக்கும், கடன்கொடுத்தோரைச் சம்மதிக்க வைக்க லிதுவேனியாவரை சென்று மாதக்கணக்கில் பொறுமையாகப் பேசிய நிர்வாகி பிரையன் ஜாக்சனுக்கும் இங்கே நன்றி சொல்லியாக வேண்டும். நிர்வாகிகளை இதயமற்ற கணக்கர்கள் என்று பலரும் எண்ணுவதுண்டு. எங்கள் கழகத்தை மூடிவிட்டு மைதானத்தை மனைநிலமாக விற்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

2014 மே மாதத்தில் பட்ஜ் அம்மையார் பொறுப்பேற்றதும் கிரெய்க் லெவீனைக் கால்பந்து இயக்குநராகவும் ராபி நீல்சனைத் தலைமைப் பயிற்சியாளராகவும் அமர்த்தினார். நீல்சன் இக்கழகத்தின் வலப்புறத் தடுப்பாட்டக்காரராக 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றவர். ஆனால் ஒரு முதலணிக்குப் பொறுப்பேற்பது அவருக்கு அதுவே முதல் முறை. அவர் அணிக்கு முதல் சோதனை ஆகஸ்ட் 10ஆம் நாள் கிளாஸ்கோவில், ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் வந்தது. வில்சன் தலையால் முட்டி அடித்த கோலால் முன்னிலையில் இருந்த எங்கள் அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் வாங்கிச் சமநிலைக்கு இறங்கியது. அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் நெஞ்சில் முந்தைய ஆண்டின் துயரம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் தலைகுனியவில்லை. நடுவட்டத்தில் பந்தை வைத்து மறுபடி தொடங்கிய வேகத்திலேயே ஆஸ்மன் சோ உள்ளே புகுந்து கோல் அடித்தார், 2–1. அடுத்த ஞாயிறு டைன்காசிலில் ஹிபெர்னியனையும் அதே கணக்கில் வென்றோம். நிக்கல்சன் தொலைவிலிருந்து அடித்த கோல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்டோபரில் ஹிபெர்னியனின் ஈஸ்டர் ரோடு மைதானத்தில் தோற்கும் நிலையிலிருந்த ஆட்டத்தை, கடைசி நேரத்தில் அலிம் ஓஸ்டுர்க் வெகு தொலைவிலிருந்து அடித்த ஓர் அடி காப்பாற்றியது. ஜனவரி பிற்பகுதியில் ஃபால்கர்க்கிடம் தோற்கும்வரை லீக்கில் தோல்வியே காணவில்லை. பிப்ரவரி 28இல் கௌடன்பீத்தை 10–0 என்று வென்றோம். முப்பத்தாறு வயதில் கோலைக் காத்த நீல் அலெக்சாண்டர், நடுக்களத்தைத் தாங்கிய மொர்காரோ கோமிஸ், பிரின்ஸ் புவாபென், பயிற்சிக்குழுவில் நீல்சனுக்குத் துணைநின்ற ஸ்டீவி கிராஃபோர்டு ஆகியோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இவ்வாண்டு எங்கள் அணி அணிந்த அரக்குச் சட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பணத்துக்குத் தட்டுப்பாடு இருந்த பருவத்தில், விளம்பரதாரர் பெயர் எதுவும் இல்லாத வெற்றுச் சட்டையை அணிவது என்று கழகம் முடிவு செய்தது. அதற்குக் காரணம் நூறாண்டுக்கு முந்தைய ஒரு நிகழ்வின் நினைவு. 1914 நவம்பரில், லீக்கில் முதலிடத்தில் இருந்த ஹார்ட்ஸ் அணியின் ஆட்டக்காரர்கள் ஒருசேரப் படையில் சேர்ந்தார்கள். மெக்ரே படையணி என்று அறியப்பட்ட ராயல் ஸ்காட்ஸின் 16ஆவது பட்டாளத்தில் ஆதரவாளர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முதல் உலகப் போரில் ஏழு ஆட்டக்காரர்கள் உயிரிழந்தார்கள். எடின்பரோவின் ஹேமார்க்கெட் பகுதியில் 1922இல் நிறுவப்பட்ட மணிக்கூண்டு அவர்கள் நினைவாக நிற்கிறது. அந்த நூற்றாண்டு நினைவைப் பணத்துக்கு விற்காமல் மார்பில் தாங்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு, இந்நகரத்தில் குடியேறி வாழும் ஒருவன் என்ற முறையில், தலைவணங்குகிறேன். இந்த ஊரின் வரலாற்றை நான் முதன்முதலில் புரிந்துகொண்டது அந்த மணிக்கூண்டின் அடியில்தான்.

மைதானத்தைத் துப்புரவு செய்பவர்களுக்கும், நுழைவாயிலில் நிற்பவர்களுக்கும், சமையலறையில் உழைப்பவர்களுக்கும் நன்றி. அவர்களுக்கு வாழ்வூதியம், அதாவது வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டு நிர்ணயிக்கப்படும் மணிக்கூலி, இவ்வாண்டு வழங்கத் தொடங்கிய கழக நிர்வாகத்துக்கு இன்னொரு நன்றி. கடனிலிருந்து எழுந்த சில மாதங்களிலேயே, ஸ்காட்லாந்துக் கழகங்களில் முதலாவதாக இதனைச் செய்தார்கள். ஜனவரி 16ஆம் நாள் ரேஞ்சர்ஸுடனான ஆட்டம் பனிப்பொழிவால் பாதியிலேயே கைவிடப்பட்டபோது, கொட்டும் பனியில் கோடுகளைத் தெரியவைக்கப் போராடிய களப் பணியாளர்களையும் மறக்க முடியாது.

மார்ச் 22ஆம் நாள், ஹிபெர்னியன் தன் மைதானத்தில் ரேஞ்சர்ஸிடம் தோற்றதும், ஏழு ஆட்டங்கள் எஞ்சியிருக்கும்போதே பட்டம் எங்களுடையது என்று உறுதியாயிற்று. போட்டியாளர்களுக்கும் நன்றி சொல்கிறேன். அவர்கள் வலுவாக இருந்ததனால்தான் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு வந்தது. என்னோடு வேலை செய்யும் ஹிபெர்னியன் ஆதரவாளர் ஒருவர், மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து கைகுலுக்கினார். அடுத்த ஆண்டு அவர் அணியும் மேலே வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எடின்பரோவின் இரு அணிகளும் மேற்பிரிவில் மோதுவதுதான் இந்நகருக்கு அழகு.

எனக்குக் கால்பந்தைக் கற்பித்தவர்களை இறுதியாகக் குறிப்பிடுகிறேன். 1914இல் கட்டப்பட்ட பிரதான அரங்கின் மர இருக்கைகளில் என் பக்கத்தில் அமரும் பெரியவர், ஆஃப்சைடு விதியிலிருந்து 1986இல் கடைசி நாளில் கைநழுவிய பட்டம்வரை பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் மனைவி குளிர்நாள்களில் எனக்கும் சேர்த்துக் குடுவையில் தேநீர் கொண்டுவந்தார். புதிதாக வந்தவன் என்று அவர்கள் என்னை ஒருபோதும் தள்ளிவைக்கவில்லை. நான் அழைத்ததைப் பொருட்படுத்தி, தாமும் ஃபவுண்டேஷனில் சேர்ந்து மாதந்தோறும் பணம் கட்டிவரும் எடின்பரோத் தமிழ் நண்பர்களுக்கும் என் நன்றி உரித்தாகுக.

பட்ஜ் அம்மையாரின் கடன் இன்னும் தீரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளின் பங்களிப்பு கழகத்தின் அன்றாடச் செலவுக்கே போகிறது, அதன் பிறகுதான் கடனடைப்புத் தொடங்கும். ஆகவே பட்டம் கிடைத்துவிட்டதென்று யாரும் மாதத் தொகையை நிறுத்திவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சேர விரும்பும் நம்மவர்கள் என்னை அணுகினால் படிவத்தை நிரப்ப உதவுகிறேன். ஆகஸ்டில் மேற்பிரிவு ஆட்டங்கள் தொடங்கும்போது டைன்காசிலில் சந்திப்போம்.

நன்றியுடன்,
ஹார்ட்ஸ் ஆதரவாளன் ஒருவன்
கோர்கி, எடின்பரோ
மே 2015