கடற்கரைப் பாதையைப் பூட்டும் முன் எங்களிடம் கேளுங்கள்

எங்கள் ஊராட்சியின் தனி அலுவலருக்கும் செயலாளருக்கும்,

வணக்கம். தென்னந்தோப்பை ஒட்டிக் கடலுக்கு இறங்கும் மண் பாதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. குமரி மாவட்டத்தில் மணக்குடியிலிருந்து நீரோடி வரை எந்தக் கரை ஊர்க்காரரும் இதைத் தன் ஊர் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பாதையில் இரும்புக் கேட் வந்துவிட்டது. அடுத்து பார்க்கிங் கட்டணம், அலங்கார விளக்கு, பெஞ்சு எல்லாம் வருமாம். வரட்டும். சொத்தவிளைக்கும் சங்குத்துறைக்கும் வருகிற கூட்டம் இங்கேயும் வந்தால் டீக்கடைக்காரருக்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் காலை எட்டுக்குத்தான் திறக்கிறார்கள். விடியுமுன் கரமடிக் (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) கயிறு பிடிக்கப் போகிறவர்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு நுழைகிறார்கள். மீன்காரப் பெண்கள் தலையில் சருவத்தோடு, மீன் தண்ணீர் தோளில் வடிய, ரோட்டைச் சுற்றி வருகிறார்கள். ஏலத்தில் எடுத்த சாளை மீன் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் விலை இறங்கிவிடுகிறது. நேரத்தை முடிவு செய்தவர் ஒருநாள் காலை ஐந்தரைக்கு அங்கே வந்து நின்றிருக்கலாம்.

கேட்டதற்கு, கிராம சபைத் தீர்மானம் இருக்கிறது என்றார்கள். சரி, பார்த்தேன். ‘கடற்கரை மேம்பாட்டுப் பணிகள்’ என்று ஒற்றை வரி. கேட், பூட்டு, நேரம் எதுவும் அதில் இல்லை. கீழே உள்ள கையெழுத்துகளில் பல, நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய் வாங்கியவை. போட்ட அக்காமாரிடம் கேட்டால், “வேலைக்கு வந்த கணக்குன்னு நெனச்சோம்” என்கிறார்கள். கிராம சபை கூடியது உண்மைதான். காலை 11 மணிக்கு, கரையில் ஏலம் மும்முரமாக நடக்கும் நேரத்தில்.

பாதுகாப்புக்காகத்தான் பூட்டு என்பீர்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கள்ளக்கடல் (திடீரென்று பொங்கி ஏறும் கடல்) எச்சரிக்கை வரும் நாளில் பாதையை மறிக்க நாங்களே வந்து நிற்போம். அதற்காக வருடம் முழுக்கப் பூட்டுவானேன்? தண்ணீர் எந்த இடத்தில் இழுக்கும், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்ட பிறகு மணல் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பதெல்லாம் கரையில் வலை பொத்துகிற பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கும். அதற்குக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் முறையாகக் கலந்தாலோசித்துத் தயாராகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய 200 மீட்டர்தான். நம் கரையில் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்பது உங்களுக்கே தெரியும். இந்தப் பாதையும், வலை காயப்போடும் மணலும், கரமடி இழுக்கும் இடமும் அந்தத் திட்டத்தின் வரைபடத்தில் ஏறாவிட்டால், நாளைக்குச் சுவர் எழும்பும்போது நாங்கள் எதைக் காட்டிப் பேசுவது?

முன்பு வார்டு மெம்பர் வீட்டு வாசலில் போய் நின்று சண்டையாவது போடலாம். 2025 ஜனவரியோடு அவர்கள் பதவிக்காலமும் முடிந்தது. ஆகவே உங்களிடம்தான் கேட்கிறோம். நவம்பர் 1 கிராம சபையில் கடற்கரைப் பாதையைத் தனிப் பொருளாக வையுங்கள். மாலையில் கூட்டுங்கள், முடியாதென்றால் இதற்கென்று ஒரு சிறப்புக் கிராம சபை போதும். ஒரு வாரம் முன்பே வரைபடத்தைக் கோயில் முற்றத்திலும் ஏலக்கூடத்திலும் ஒட்டுங்கள், பூசை முடிந்து வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். தீர்மானத்தை எழுதி வாசித்துவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.

அதுவரைக்கும் கேட்டின் சாவி ஒன்றைக் கரமடிக்காரர்களிடம் கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரைத் தெருவில் குடியிருக்கும் ஒருவர்