அசாந்தி எடைக்கற்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மகனுக்குக் கானாவில் வேலை நிலைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

அவன் அசாந்தித் தலைநகரான குமாசியின் சந்தையில் வாங்கி வந்த பித்தளை உருவங்கள், கானாவின் அசாந்தி மக்கள் பொன் நிறுத்த பழைய எடைக்கற்கள்தானா என்று கேட்டிருக்கிறாய். படத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நீ பறவையின் கழுத்தையும் முதலையின் வாலையும் விவரித்திருக்கிறாய். எடையை மட்டும் எழுதவில்லை. அருங்காட்சியகங்களிலும் இதுதான் நடக்கிறது. உருவத்தின் அழகில் மயங்கி நின்றுவிடுகிறோம். அன்றைய அசாந்தி வணிகனுக்கு அது முதலில் ஓர் எடை, அப்புறம்தான் பறவை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அசாந்தி நாட்டில் பணம் என்றால் பொன்பொடி. நாணயம் கிடையாது. 1817இல் குமாசிக்குப் போன ஆங்கிலத் தூதர் பௌடிச் அந்தச் சந்தையை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். அங்கே சின்னச் சாமான் வாங்கவும் பொடியை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் கொடுக்கல் வாங்கல் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு நிறுவை மூட்டை இருந்தது. கையில் தூக்கிப் பிடிக்கும் சிறு தராசு, பொடி அள்ளும் கரண்டி, பொடி வைக்கும் மூடியுள்ள பித்தளைச் செப்பு, ஒரு பக்கம் திறந்த தட்டையான ஊதுதட்டு, கூடவே 'அப்ரம்முவோ' எனப்படும் எடைக்கற்கள். ஊதுதட்டில் பொடியைப் பரப்பி மெல்ல ஊதினால் மண்ணும் தூசும் பறக்கும், கனமான பொன் தங்கும். பித்தளை அரத்தூளைக் கலந்து ஏமாற்றுகிறவர்களும் இருந்ததால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

நிறுப்பது ஒருவர் வேலை இல்லை. கொடுப்பவர் தன் கல்லில் நிறுப்பார். வாங்குபவர் அதே பொடியைத் தன் கல்லில் மறுபடி நிறுப்பார். ஒத்துப் போகாவிட்டால் பேச்சு, பேரம், சில சமயம் நடுவர். எல்லார் கல்லும் ஒரே தரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அரசனின் கற்கள் சந்தைக் கற்களைவிட மூன்றில் ஒரு பங்கு கனம் கூடியவை என்று பௌடிச் குறித்திருக்கிறார். அரண்மனைச் செலவுக்குப் பொன்னை அரசனின் கல்லில் நிறுத்து வாங்கும் பணியாள், சந்தையில் சாதாரணக் கல்லில் நிறுத்துக் கொடுப்பான். மிஞ்சுவது அவனுக்கு. இதில் களவு எதுவும் இல்லை. அவனுக்குக் கிடைக்கும் ஊதியமே இதுதான். சந்தைத் தரையில் சிந்திய பொடியோ அரசனுக்கு உரியது. வேறு யாரும் அதைப் பொறுக்கக் கூடாது. அரசன் ஆணையிட்டால் அந்த மண்ணை அள்ளி அலசிப் பொன்னைப் பிரித்தெடுப்பார்கள்.

எடை வரிசையின் அடியில் விதைகள் இருந்தன. மிகச் சிறிய அளவுகளில் ஒன்றான 'தம்மா' நம் குன்றிமணியேதான்! நம் ஊர்த் தட்டார்கள் பொன் நிறுத்த அதே செடியின் அதே விதை. கடற்கரை வணிகக் கணக்கில் 16 'ஆக்கி' சேர்ந்தால் ஒரு அவுன்ஸ். பெரிய தொகைகளைப் 'பெரெதுவான்' என்ற அளவில் சொல்வார்கள். அது ஏறக்குறைய இரண்டேகால் அவுன்ஸ், அதாவது சுமார் 70 கிராம். அன்றைய ஆங்கிலப் பணத்தில் 8 பவுண்டு. இந்த எடைத்தொடர் ஒரே மூலத்திலிருந்து வந்ததல்ல. வடக்கே சகாரா வழி வந்த முஸ்லிம் வணிகர்களின் மித்கால் என்ற எடை, பிறகு தெற்கே கடல் வழி வந்த போர்த்துகீசியரின் அவுன்ஸ், அதன்பின் பொன் வெள்ளி நிறுக்கும் ட்ராய் அவுன்ஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. பெட்டியில் இரண்டு கற்கள் சிறிதளவே வித்தியாசப்பட்டால் வார்த்தவனின் கைப்பிழை என்று முடிவு கட்டிவிடாதே. அவை வெவ்வேறு தொடர்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

நீ கேட்ட இன்னொன்று: சேவல் என்றால் இத்தனை, மீன் என்றால் இத்தனை என்று கணக்கு உண்டா? இல்லை. ஒரே உருவம் பல எடைகளில் கிடைக்கிறது. ஒரே எடைக்குப் பல உருவங்கள் உண்டு. தன் மூட்டையில் எது எவ்வளவு என்பதைச் சொந்தக்காரர் நினைவில் வைத்திருந்தார். பழமையானவை பெரும்பாலும் வடிவக் கணித உருவங்கள்: படிக்கட்டு, சதுரம், கோடுகள் கீறிய வில்லைகள். மனிதர், விலங்கு, பொருள் உருவங்கள் பின்னால் பெருகியவை. இவற்றில் பல பழமொழியைச் சுமப்பவை. பின்னால் திரும்பிப் பார்க்கும் சங்கோஃபா பறவையை உனக்கே தெரியும். ஒரே வயிற்றை இரு முதலைகள் பகிர்ந்து கொண்டு, உணவு யார் வாய்க்குப் போவது என்று சண்டையிடும் உருவமும் உண்டு. தரையில் ஊரும் விரியன், சிறகுள்ள இருவாட்சியைப் பிடித்துவிட்ட காட்சி இன்னொன்று. விரியனிடம் இருவாட்சி பட்ட கடனைப் பற்றிய கதையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். பொன் நிறுக்கிற தட்டில் வைக்க அதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தோன்றவில்லை.

வார்ப்பு முறைக்கு வருகிறேன். உனக்கு இதுதான் பிடிக்கும். தேன்மெழுகை இளஞ்சூட்டில் குழைத்துப் பலகையில் மரத்தகட்டால் உருட்டி நூலாக்கி, அந்த நூல்களைச் சுற்றியும் ஒட்டியும் உருவத்தைக் கட்டுவார்கள். உலோகம் உள்ளே ஓட ஒரு மெழுகுத் தண்டு. அதன்மேல் நைசாக அரைத்த கரித்தூளும் களிமண்ணும் கலந்த குழம்பைத் தூரிகையால் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடி பூசுவார்கள். விரலிடுக்கு, இறகுக் கோடு எல்லாவற்றையும் பதித்துக் கொள்வது இந்த முதல் பூச்சுகள்தான். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் விரிசல் விடும். விரிசலுக்குள் உலோகம் புகுந்து உருவத்தின்மேல் துருத்தலாக நிற்கும். வெளிப்பூச்சு எண்ணெய்ப்பனைப் பழ நார் கலந்த முரட்டு மண். நார் சூட்டில் எரிந்து துளைகளை விடுவதால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி கிடைக்கிறது.

மெழுகை உருக்கி வடித்தபின் அசாந்தியர் செய்வது தனித்தன்மையானது. மூசையில் உருக்கிய உலோகத்தை எடுத்து வந்து அச்சில் ஊற்றுவதில்லை. பித்தளைத் துண்டுகள் நிறைந்த மண்கிண்ணத்தை அச்சின் வாயோடு சேர்த்து அதே நார்மண்ணால் மூடி ஒட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே உருண்டை. கிண்ணம் கீழே இருக்கும்படி கரி உலையில் வைத்துத் துருத்தியால் ஊதுவார்கள். உள்ளே உருகியதும் இடுக்கியால் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால் பித்தளை அச்சுக்குள் இறங்கும். அச்சும் உலோகமும் ஒரே சூட்டில் இருப்பதால் நூல் கனமுள்ள கால்களுக்கும் உலோகம் ஓடிச் சேர்கிறது. வெளிக்காற்று படாததால் துத்தநாகம் வீணாக எரிவதும் குறைவு. உள்ளே பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். சீக்கிரம் கவிழ்த்தால் பாதி உருவம்தான் வரும். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கிளம்பிக் குமிழிப் பள்ளங்கள் விழும். ஆறியதும் அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஓர் உருவம்தான்.

மெழுகே இல்லாமல் வார்த்தவையும் உண்டு. வண்டு, நிலக்கடலை, நண்டின் கொடுக்கு ஆகியவற்றின்மேல் நேரடியாக மண் பூசிச் சுட்டு, சாம்பலாக்கி, அந்த வெற்றிடத்தில் உலோகம் விடுவார்கள். சாம்பல் முழுதும் வெளியேறாவிட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

வார்த்த உருவம் சரியான எடைக்கு வருவது அபூர்வம். கூடினால் அரத்தால் ராவுவார்கள், சில சமயம் ஒரு காலையோ வாலையோ வெட்டுவார்கள். குறைந்தால் குழிவில் ஈயம் ஊற்றுவார்கள், அல்லது கம்பி வளையம் மாட்டுவார்கள். ஆகவே உன் பறவைக்கு அடியில் ஈயம் இருந்தால் கழற்றாதே! எடைக்கல்லாகப் பயன்பட்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது: நகைக்கடைத் தராசில், 0.01 கிராம் வரை காட்டுவதில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுது. எண்ணெய், பிரஷ், புளி எதையும் தொடாதே. தேய்த்தால் பழைய படலம் போய்விடும். பிறகு விளிம்புகளைப் பார். மூட்டையில் ஒன்றோடொன்று உரசிய கற்கள் துருத்திய இடங்களில் மழுங்கியிருக்கும், பள்ளங்களில் மழுங்காது. எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அமிலத்தில் போட்டதாக இருக்கலாம். உள்ளங்கை நிறையும் அளவு, நூறு கிராமுக்கு மேல் எடை, தொங்கவிட வளையம் எல்லாம் இருந்து, ராவிய தடம் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் அது இன்றைய வார்ப்பாளர்கள் பயணிகளுக்காகச் செய்தது. வேலை தரமாக இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு, எடைக்கல் என்ற பெயரில் விலை கொடுக்கத் தேவையில்லை என்பதோடு சரி.

இந்தக் கற்கள் ஏன் வீட்டை விட்டு வெளியேறின என்று மகன் கேட்டால், 1874ஐச் சொல். அந்த ஆண்டு ஆங்கிலத் தளபதி வுல்ஸ்லியின் படை குமாசியை எரித்தது; அரண்மனைப் பொன்னை அள்ளிச் சென்றது போதாமல் 50,000 அவுன்ஸ் பொன் தண்டமும் விதித்தது. 1896இல் அரசர் பிரெம்பே கைதாகி, பின்னர் சீசெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார், 1924இல்தான் திரும்பினார். ஆங்கில நாணயம் வந்தபின் எடைக்கல்லுக்கு வேலை இல்லாமல் போனது; விற்றுவிட்டார்கள். 2024இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 பொருள்களைக் குமாசியின் மன்ஹியா அரண்மனைக்கு அனுப்பின, அதுவும் மூன்றாண்டுக் கடனாக! அவர்களிடமிருந்து எடுத்ததை அவர்களுக்கே இரவல் கொடுப்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. மகன் குமாசியில் இருக்கும்போதே மன்ஹியா அருங்காட்சியகத்தைப் போய்ப் பார்க்கட்டும். அருகில் குரோஃபோஃப்ரோம் என்ற ஊர் பித்தளை வார்ப்புக்கு இன்றும் பேர் பெற்றது. அங்கே உலை கவிழ்ப்பதைப் பார்க்கச் சொல்.

எடைகளை எழுதி அனுப்பு. அடிப்பக்கப் படமும் வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்