பனிக்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஸ்காபரோவாசிகள் சார்பில் ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ மாநகரசபையில் ஸ்காபரோவின் ஆறு தொகுதிகளையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நவம்பர் பிறந்ததும் சைக்கிளைத் துடைத்து நிலவறையில் வைத்துவிட்டு ஏப்ரலில் மீண்டும் எடுப்பவர்கள் இந்நகரில் மிகப் பலர். இம்மடல் மற்றவர்களைப் பற்றியது. உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகையிலும், ஏரிக்காற்று முகத்தில் அறையும் விடியலிலும் சைக்கிளில் வேலைக்குப் போய், இருட்டிய பின் அதே சைக்கிளில் வீடு திரும்புபவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஸ்காபரோவில் ஏற்கெனவே இருக்கும் சைக்கிள் பாதைகளிலே, பனி கொட்டிய அன்றே, இடையில் அறுந்துபோகாத ஒரு வழியையாவது துப்புரவாக்கித் தாருங்கள்.

களஞ்சியசாலையில் அதிகாலை முறைக்குப் போகிறவர், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் தாதி, வெதுப்பகத்தில் மாவு பிசைகிறவர், பகலில் கல்லூரிக்கும் மாலையில் உணவு விநியோகத்துக்கும் ஓடும் மாணவர் ஆகியோரே எங்களுள் பெரும்பாலோர். காரும் அதன் காப்புறுதியும் எங்கள் சம்பளத்துக்கு எட்டவில்லை. அதிகாலையில் பேருந்துகளுக்கு இடையேயான நேரமோ நீண்டது. 2023 யூலை 24 அன்று ஸ்காபரோவின் 3ஆம் இலக்கத் தடத்தில் ரயில் பெட்டி தடம்புரண்டதோடு அந்தச் சேவை நிரந்தரமாக நின்றுபோய், கென்னடி நிலையத்துக்கு ரயிலில் போனவர்கள் பேருந்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. லித்தியம் மின்கலச் சைக்கிள்களை நவம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பொதுப் போக்குவரத்தில் ஏற்றக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. தீ விபத்துகளை எண்ணும்போது அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும், பாதி வழியை ரயிலில் கடந்துவந்த விநியோகத் தொழிலாளி, அந்த விதியால், ஆண்டின் மிகக் கொடிய மாதங்களில் முழுத் தூரத்தையும் வீதியிலேயே ஓட்டியாக வேண்டியிருக்கிறது என்பதைச் சபையில் எவராவது சொல்லியாக வேண்டும்.

இப்படி ஓடுகிறவர்களிடையே வளர்ந்திருக்கும் தோழமையை நீங்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். குளிர்காலத்தில் இங்கே எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு: ஓரத்தில் நின்றுவிட்ட சைக்கிளைக் கண்டால் ஒருவரும் கேட்காமல் தாண்டிப் போவதில்லை. பூட்டுக்குள் நீர் உறைந்து சாவி திரும்பாமல் நிற்பவருக்கு இன்னொருவர் தன் பையிலிருக்கும் உறைநீக்கியைத் தெளித்துத் திறந்துகொடுப்பார். விரல்கள் விறைத்துப்போய் ரியூப் மாற்ற முடியாமல் தவிப்பவரிடம் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்தச் சில்லைத் தானே கழற்றுவார். புதுப்பனி விழுந்த காலையில் முதலில் போகிறவருடைய ரயர் பதிந்த கோட்டிலேயே பின்னால் வருகிறவர்கள் ஓட்டுவதால், முன்னே போகிறவர் வலியவே நேராகவும் நிதானமாகவும் கோடு இழுத்துப் போவார். அவர் களைத்தால் அடுத்தவர் முன்னுக்கு வருவார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது முகமூடிக்குள்ளிருந்து தமிழிலும் பஞ்சாபியிலும் மலையாளத்திலும் தகாலொக்கிலும் நலம் விசாரிப்புகள் எழும். மொழி பொருந்தாவிட்டால் தலையசைப்பே போதும். எந்தப் பாலத்தில் பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்டது, எந்தச் சந்தியில் பனி தள்ளும் வாகனம் மேடு ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது என்பதை முதலில் கடந்தவர் அடுத்தவர்களுக்கு உடனே அறிவிப்பார்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஐயா ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். வீதியில் தூவும் உப்பு செயினையும் பிறேக் கம்பியையும் அரித்துத் தின்றுவிடும் என்பதால், சனிக்கிழமைகளில் தன் வாகனத் தரிப்பறையைத் திறந்துவைத்து, வருகிறவர்களின் செயினைக் கழுவி எண்ணெயிட்டு, ஆணி பதித்த ரயர் மாட்டித் தருகிறார். உதிரிப்பாகத்தின் விலையை மட்டுமே வாங்குவார். 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடை வந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டு வாழ்க்கை முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றதும் சைக்கிளே. இரவில் அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் உடைமையெல்லாம் சைக்கிளில் கட்டிய மூட்டைகளாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அந்தத் தலைமுறையினர் பலர் இன்று உங்கள் வாக்காளர்கள். சைக்கிளை அவர்கள் ஒருபோதும் விளையாட்டுப் பொருளாகக் கருதியதில்லை.

மதிப்புக்குரியவர்களே, தோழமையால் ஆகாதவையும் உண்டு. 401 நெடுஞ்சாலை ஸ்காபரோவைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. வோர்டன், கென்னடி, மக்கோவன், மார்க்கம் ஆகிய வீதிகளில் அதைக் கடக்கும் எவரும், வேகமெடுத்து நெடுஞ்சாலைக்குள் இறங்கும் கார்களின் குறுக்கே போக வேண்டியிருக்கிறது. கோடையிலேயே நெஞ்சு படபடக்கும் இடங்கள் அவை. குளிர்காலத்தில் வீதியோரத்தில் குவித்த பனி ஒரு மீற்றரையோ அதற்கு மேலோ விழுங்கிவிடுகிறது. சைக்கிளை விலத்தும் வாகனம் குறைந்தது ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்பது 2015 முதல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் சட்டம். வீதி சுருங்கிப்போன இடத்தில் அந்த ஒரு மீற்றரை எங்கிருந்து எடுப்பது? உயரழுத்த மின்கம்பிகள் செல்லும் நிலப்பட்டையின் வழியே ரூஜ் தேசிய நகரப் பூங்காவை நோக்கி 16 கிலோமீற்றருக்கு அமைந்துவரும் மெடோவே போன்ற பாதைகள் வாகனங்களிலிருந்து எங்களைக் காக்கக்கூடியவை. ஆனால் நகரின் பூங்காப் பாதைகள் பலவற்றின் வாசலில் ‘குளிர்காலப் பராமரிப்பு இல்லை’ என்ற அறிவிப்புப் பலகை நிற்கிறது. பாதையின் நடுவில் நூறு மீற்றர் துப்புரவாகாமல் கிடந்தாலும், வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பாதை முழுவதும் இல்லாததற்குச் சமமே. 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் சில நாள்களுக்குள் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியபோது, சைக்கிள் தடங்கள் வீதியில் வழித்த பனியைக் கொட்டிவைக்கும் இடங்களாயின. அப்போது நாங்கள் ஒருவர்பின் ஒருவராக, பின்விளக்குகளை மினுக்கிக்கொண்டு, கனரக வாகனங்களோடு நடுவீதியில் ஓடினோம்.

குளிர் நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். வடதுருவ வட்டத்துக்கு அண்மையிலுள்ள பின்லாந்தின் ஓலு நகரம் 900 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகளைக் குளிர்காலத்திலும் பராமரிக்கிறது; குளிர்காலச் சைக்கிளோட்டம் பற்றிய முதல் சர்வதேச மாநாடு 2013இல் அங்கேதான் நடந்தது. அவர்கள் பனியை இறுக்கி வழித்து, மேலே பொடிக்கல் தூவி விடுகிறார்கள். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவருவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஓலுவில் குளிர் நிலைத்து நிற்கும். எங்கள் ஊரிலோ பகலில் உருகி இரவில் உறையும் ஊசலாட்டம் குளிர்காலம் முழுவதும் தொடர்வதால், இறுக்கிய பனி இரண்டே நாளில் மேடுபள்ளமான பனிக்கட்டியாகிவிடும். எங்களுக்கு ஏற்றது ஸ்ரொக்ஹோமில் கையாளும் முறை: சிறிய வாகனத்தின் முன்னே சுழலும் தூரிகை பனியைத் தரை தெரியக் கூட்டும், பின்னே உப்புநீர் தெளிக்கப்படும். பனி ஆழமாகுமுன் ஓட வேண்டும் என்பதே அதன் சூட்சுமம்; பிந்தினால் தூரிகை பயன்படாது. ஆகவே எத்தனை வாகனங்கள் வாங்குவது என்பதைக் காட்டிலும், அவற்றை எந்த மணிக்கு அனுப்புவது என்பதில் நீங்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

சைக்கிள் தடங்கள் பற்றிய வாதம் சில ஆண்டுகளாக மத்திய ரொறன்ரோவின் புளோர், யங், யுனிவர்சிற்றி வீதிகளையே சுற்றிவருகிறது. அங்குள்ள தடங்களை அகற்றச் சொன்ன மாகாணச் சட்டமும் அதை எதிர்த்த நீதிமன்ற வழக்கும் அவற்றையே பேசின. அந்தத் தடங்கள் நிலைக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். ஸ்காபரோவில் பர்ச்மவுண்ட், பார்மஸி வீதிகளில் இருந்த தடங்களை 2011இல் இதே சபை வாக்களித்து அகற்றியதை இன்று நினைவுகூர்வோர் சிலரே. புதிய தடங்களுக்கான போராட்டம் தொடரட்டும்; அதற்காக இருக்கும் பாதைகளின் துப்புரவு காத்திருக்கத் தேவையில்லை. அதற்குப் புதிதாக ஓர் அடி நிலமும் வேண்டாம், ஒரு வாகனத் தரிப்பிடமும் குறையாது.

அடுத்த குளிர்காலத்துக்கான பனியகற்றும் திட்டம் சபைக்கு வரும்போது, ஸ்காபரோவில் வடக்குத் தெற்காக ஒன்றும் கிழக்கு மேற்காக ஒன்றுமாக இரண்டு தொடர்வழிகளைத் தெரிவுசெய்து, அவற்றைக் காலை 6 மணிக்கு முன் துப்புரவாக்கும் பொறுப்பை அதில் எழுத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்த வழிகள் என்பதைத் தீர்மானிக்க எங்கள் அனுபவம் உங்களுக்கு உதவும். ஒவ்வொரு பாலத்திலும் காற்று எந்தப் பக்கம் பனியைச் சேர்க்கிறது, எந்தச் சந்தியில் உருகிய நீர் வடியாமல் தேங்கி இரவில் உறைகிறது என்பதை இங்கே ஓட்டுகிறவர்கள் துல்லியமாக அறிவார்கள். பகலில் எங்களில் பலர் வேலையில் இருப்போம் என்பதால், சந்திப்பை ஒரு ஞாயிறு மாலையில் வைத்துக்கொண்டால் எல்லோராலும் வர முடியும். உங்கள் பதிலை ஒக்ரோபருக்கு முன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் குளிர்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போகும் தோழர்கள் சார்பில் ஒருவர்